கிளியும் மயிலும் ஒட்டிய தீப்பெட்டி

கேள்வி: பழைய தீப்பெட்டிகளில் கிளி, மயில் என்று படம்தான் பெரிதாக இருக்கும், எழுத்து கொஞ்சம்தான். ஏன்? எல்லாம் சிவகாசியில் அச்சானதா?

பதில்: நிறைய அங்கேதான். 1922-ல் சிவகாசிக்காரர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். பெட்டி செய்தால் லேபிள் வேண்டுமே, அப்புறம் அச்சுக்கூடங்களும் சிவகாசியிலேயே வளர்ந்தன. படிக்கத் தெரியாதவரும் "மயில் தீப்பெட்டி கொடுங்க" என்று கேட்டு வாங்கலாம், படம்தான் பெயர். அப்போதைய கல் அச்சில், அதாவது கல்லில் படம் வரைந்து தாளில் பதிக்கும் முறையில், ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல், தாள் ஒவ்வொரு முறையும் இம்மி பிசகாமல் உட்கார வேண்டும், நிறம் கூடினால் செலவும் கூடும், அதனால்தான் நாலைந்து அடர் நிறங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். நிறம் கோட்டைத் தாண்டி மயிரிழை விலகி நிற்கும் லேபிள்கள்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். உங்களிடம் இருந்தால் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள், தாள் பழுத்துவிடும்.