உடன் பணிபுரிபவரைக் காதலிக்கலாமா? நான்கு கேள்விகளுக்குப் பதில்

மனிதவளத் துறையில் பல ஆண்டுகள் பணியாற்றிய அனுபவத்திலிருந்தும், அலுவலகப் பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்புகார்க் குழுக்களில் வெளி உறுப்பினராக அமர்ந்து கேட்டறிந்தவற்றிலிருந்தும் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

கேள்வி: சிறுசேரியில் ஒரே மென்பொருள் நிறுவனத்தில் வேறு வேறு பிராஜெக்டில் இருக்கிறோம். கம்பெனி பஸ்ஸில் தினமும் பேசிப் பழகி, இருவருக்கும் விருப்பம் ஏற்பட்டுவிட்டது. வேலைக்கு ஆபத்து வருமா?

உடன் பணிபுரியும், வயதுவந்த இருவர் மனமொத்துப் பழகுவதைத் தடைசெய்யும் பொதுச்சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. ஒருவர் நெருக்கடியில் எப்படி நடந்துகொள்கிறார், தமக்குக் கீழே இருப்பவரிடம் எந்தக் குரலில் பேசுகிறார் என்பதைப் பெண் பார்க்கும் சடங்கில் அறிய முடியாது, அலுவலகத்தில் அறியலாம். ஒருவர் பணியை மற்றவர் மதிப்பிடும் நிலை இல்லாதவரை நான் தயங்கச் சொல்லமாட்டேன். நிறுவனத்தின் நடத்தை விதிகளை மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள். அலுவலக மின்னஞ்சலிலும் அரட்டைச் செயலியிலும் சொந்தப் பேச்சு வேண்டாம், அந்தப் பதிவுகள் நிறுவனத்தின் கையில் இருப்பவை.

கேள்வி: நான் டீம் லீட். என் குழுவில் உள்ள பெண்ணும் நானும் விரும்புகிறோம். அப்ரைசல் முடியும்வரை யாரிடமும் சொல்லாமல் இருக்கலாமா?

இருக்கக் கூடாது. அப்ரைசல் முடிந்த பிறகு விஷயம் தெரியவந்தால், நீங்கள் எவ்வளவு நேர்மையாக மதிப்பெண் போட்டிருந்தாலும் அதை எவரும் நம்பமாட்டார்கள். அந்த அவநம்பிக்கையின் சுமை உங்களைவிட அந்தப் பெண்ணின் மீதுதான் அதிகம் விழும். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் இப்படித்தான் நடந்தது. இரவு ஷிஃப்டில் மாதக்கணக்கில் உழைத்து உயர்ந்த மதிப்பீடு வாங்கிய ஒரு பெண், அந்தக் கடிதத்தை நான்காக மடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "இதை நான் உழைத்து வாங்கினேன் என்று இனி யார் மேடம் நம்புவார்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்றையும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். உங்கள் குழுவில் உள்ள பெண்ணின் விடுப்பும் சம்பள உயர்வும் உங்கள் கையில் இருக்கும்போது, அவர் சொன்ன சம்மதம் முழு மனதோடு வந்ததா என்பதை உங்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியாது. பெரிய நிறுவனங்கள் இதில் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் அதுதான். மெக்டொனால்ட்ஸ் தலைமை நிர்வாகி ஸ்டீவ் ஈஸ்டர்புரூக் 2019 நவம்பரிலும், நெஸ்லே தலைமை நிர்வாகி லோரான் ஃப்ரெய்க்ஸ் 2025 செப்டம்பரிலும் ஊழியருடனான உறவு தொடர்பாகவே பதவி இழந்தார்கள். ஆகவே மதிப்பீடு தொடங்குமுன் உங்கள் மேலாளருக்கோ எச்.ஆருக்கோ எழுத்தில் தெரிவித்து, அந்தப் பெண்ணை மதிப்பிடும் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்கக் கேளுங்கள். குழு மாற வேண்டியிருந்தால் நீங்கள் மாறுங்கள். அவரை மாறச் சொல்லாதீர்கள்.

கேள்வி: உடன் வேலை செய்பவர் காதலைச் சொன்னார், மறுத்துவிட்டேன். இரண்டு மாதமாக வாட்ஸ்அப்பில் விடாமல் கேட்கிறார். "நல்ல பையன்தானே" என்கிறார்கள் தோழிகள். புகார் கொடுப்பது அதிகப்படியா?

அதிகப்படி இல்லை. ஒருமுறை கண்ணியமாகக் கேட்பது தவறல்ல. மறுத்த பிறகும் தொடர்ந்து கேட்பது தொல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய விசாகா வழக்கில் 1997ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளின் வழியே வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம், விரும்பத்தகாத பாலியல் நடத்தையையே துன்புறுத்தல் என்கிறது. அதைச் செய்பவர் நல்லவரா என்று அது கேட்பதில்லை. "எனக்கு விருப்பமில்லை, இதுபற்றி இனி எழுத வேண்டாம்" என்று ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள். வருத்தமோ விளக்கமோ சேர்க்க வேண்டாம், எதையும் அழிக்கவும் வேண்டாம்.

அதன் பிறகும் தொடர்ந்தால், பேச்சுவழக்கில் விசாகா கமிட்டி எனப்படும் உள்புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள். 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் அது இருந்தே ஆக வேண்டும். அதைவிடச் சிறிய இடமென்றால் மாவட்ட அளவிலான குழுவை நாடலாம். கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் வரை குழு நீட்டிக்கலாம். விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும். உங்கள் பெயரை வெளியிடச் சட்டம் அனுமதிப்பதில்லை. விசாரணை நடக்கும்போதே அவரையோ உங்களையோ இடமாற்றம் செய்யுமாறு கோரவும் உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: பிரிந்துவிட்டோம். அவர் அடுத்த இருக்கையில் அமர்கிறார். வேலையை விட்டுவிடவா?

இந்த வாரம் அந்த முடிவை எடுக்காதீர்கள். முதலில் இருக்கையையோ ஷிஃப்டையோ மாற்றித் தரக் கேளுங்கள். காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பொது நண்பர்களிடம் அவரைப் பற்றிப் பேசுவதைச் சில மாதங்களுக்கு நிறுத்திவையுங்கள். அதன் பிறகும் காலையில் கிளம்பும்போது மனம் கனத்தால் வேறு வேலை தேடலாம், ஆனால் புதிய இடத்தின் நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகே ராஜினாமாவை எழுதுங்கள்.