பெரும்பாக்கத்தில் ஒரு கிளைச்சபை

கேள்வி: மேடவாக்கத்துக்கு அருகே உள்ள எங்கள் சபை 22 ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டின் மொட்டை மாடியில் தொடங்கியது. இப்போது 150 பேர் வரை ஞாயிறு ஆராதனைக்கு வருகிறோம். அவர்களில் 14 குடும்பங்கள் பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வருகின்றன. அங்கே ஒரு கிளைச்சபை தொடங்கி, சுற்றியுள்ள புதிய மனைப்பிரிவுகளுக்கும் சுவிசேஷத்தைக் கொண்டுபோக வேண்டும் என்று போதகர் வாஞ்சிக்கிறார். மாதம் 18,000 ரூபாய் வாடகைக்கு ஒரு ஹால் பார்த்திருக்கிறோம். முன்பணம் 2 லட்சம். ஈஸ்டர் அன்று தொடங்கலாம் என்கிறார்கள். போதகரின் பிரசங்கத்தை இங்கிருந்து திரையில் காட்டினால் போதும் என்பது வாலிபர்களின் யோசனை. சபை இரண்டாக உடைந்துவிடும் என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவனான நான் எந்தப் பக்கம் நிற்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். போதகர் என்ன நினைக்கிறார், வாலிபர்கள் என்ன சொல்கிறார்கள், பெரியவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அந்த 14 குடும்பங்கள் என்ன சொல்கின்றன என்பது மட்டும் இல்லை. அவர்களை யாராவது கேட்டீர்களா? கேட்கவில்லை என்றால், ஹாலுக்கு முன்பணம் கொடுப்பதைத் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். கிளைச்சபை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கட்டாயம் தொடங்குங்கள். ஆனால் அது அவர்களுக்காக நீங்கள் தொடங்கும் சபையாக இல்லாமல், அவர்கள் தொடங்க நீங்கள் தோள்கொடுக்கும் சபையாக இருக்க வேண்டும் என்பதுதான் என் பதில்.

பெரும்பாக்கத்தில் இருப்பவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஏராளமான குடும்பங்கள் அந்த எட்டு மாடிக் கட்டடங்களுக்குக் கொண்டுவரப்பட்டன. வேலை செய்த வீடும் பிள்ளைகள் படித்த பள்ளியும் ஆத்திர அவசரத்துக்குக் கைமாற்று கொடுத்த பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே நாளில் தூரமாகிப்போனவர்கள் அவர்கள். பிறர் எடுத்த முடிவால் ஒரு முறை இடம் மாறியவர்களை, "இனி நீங்கள் அங்கேயே ஆராதியுங்கள்" என்று சபையும் தன் பங்குக்கு இடம் மாற்றினால், அது அவர்களுடைய காதில் எப்படி விழும் என்பதைக் கொஞ்சம் எண்ணிப்பாருங்கள்.

இங்கே உங்கள் மனம் நோகக்கூடிய ஒன்றையும் கேட்டாக வேண்டியிருக்கிறது. அவர்களுக்கென்று தனியாக ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம், சுவிசேஷ வாஞ்சையிலிருந்து மட்டும்தான் வந்ததா? நம்முடைய ஆலயத்தில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள், சத்தம் அதிகமாகிவிட்டது, கூட்டத்தின் தோற்றமே மாறிவிட்டது என்ற முணுமுணுப்பு எந்தக் குடும்பத்திலிருந்தாவது எழுந்ததா? தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நமக்கு இந்த விஷயத்தில் நல்ல பெயர் கிடையாது. திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் ஒரே பீடத்தை நோக்கி இரண்டு மண்டபங்களாக ஆலயத்தைக் கட்டி, சாதிக்கு ஒரு பக்கமாக நம் முன்னோர் உட்கார்ந்தார்கள்; நடுவில் நின்ற தடுப்பு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடிக்கப்பட்டது. அப்படியொரு தடுப்பை இன்று யாரும் செங்கல்லால் கட்டுவதில்லை. நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்தே அதைக் கட்டிவிட முடியும். உங்கள் சபை அப்படிப்பட்டதல்ல என்றால், இந்தக் கேள்வியை மூப்பர் கூட்டத்தில் வாய்விட்டுக் கேட்பதில் உங்களுக்கு எந்தத் தயக்கமும் இருக்க வேண்டியதில்லை.

புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தை அந்தக் கூட்டத்தில் வாசியுங்கள். தங்கள் விதவைகள் அன்றாடப் பந்தி விசாரிப்பில், அதாவது உணவுப் பங்கீட்டில், கவனிக்கப்படவில்லை என்று கிரேக்கம் பேசியவர்கள் முறையிடுகிறார்கள். எருசலேம் சபை அவர்களுக்குத் தனிப் பந்தி போடவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்து அந்தப் பொறுப்பையே ஒப்படைக்கிறது. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்ற ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். அதாவது, யாருக்குக் குறை இருந்ததோ அவர்களுடைய பக்கத்துக்காரர்கள் கையிலேயே சாவி போய்ச் சேர்ந்தது. உங்கள் மூப்பர் குழுவில் பெரும்பாக்கத்துக்காரர் எத்தனை பேர்? கடிதத்தை வைத்துப் பார்த்தால் ஒருவரும் இல்லை என்றே தோன்றுகிறது. ஹாலுக்கு முன்பாக இதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

திரையைப் பற்றி. நான் முன்பு ஊழியம் செய்த ஒரு சபை, அதன் பெயர் இங்கே வேண்டாம், இதே போல ஒரு கிளையைத் திறந்தது. திரை, ஒலிக்கருவிகள், குளிரூட்டி எல்லாம் இருந்தன. ஞாயிறுதோறும் தாய்ச்சபையின் பிரசங்கம் அங்கே தெளிவாகத் தெரிந்தது, கேட்டது. ஒரு புதன்கிழமை அதிகாலையில் அந்தக் கிளைக்கு வந்துகொண்டிருந்த ஒரு கட்டடத் தொழிலாளி மாரடைப்பில் இறந்துபோனார். அவருடைய மனைவி யாரை அழைப்பது என்று தெரியாமல், காணிக்கை உறையில் அச்சிட்டிருந்த எண்ணுக்குப் போன் செய்தார். எடுத்தவர் அலுவலக உதவியாளர். பதிவேட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். அடக்கத்துக்கு இடம் தேடி அந்தக் குடும்பம் சாயங்காலம் வரை அலைந்தது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பணம் திரட்டிப் பொது மயானத்தில் அடக்கம் செய்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது. அந்தப் போதகர்களில் நானும் ஒருவன் என்பதால், இன்றும் இதை எழுதும்போது கை கூசுகிறது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் வரவில்லை. ஆறு மாதத்தில் மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். பிரசங்கத்தில் எந்தக் குறையும் இருக்கவில்லை. அவர்களுடைய தெருவில் அவர்களுடைய பெயர் தெரிந்த ஒரு மேய்ப்பன்தான் இருக்கவில்லை.

அப்படி ஒருவரை எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். சென்ற ஆண்டு பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடியில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். முழங்கால் வலியால் மாதக்கணக்கில் கீழே இறங்காத ஒரு மூதாட்டிக்காக அவருடைய வீட்டிலேயே கூடியிருந்தார்கள். தண்ணீர்க் குடங்களைச் சுவரோரம் ஒதுக்கிப் பாய் விரித்திருந்தார்கள். உள்ளே இடம் பற்றாமல் மற்றவர்கள் நடைபாதையிலும் படிக்கட்டிலும் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு நடத்தியவர் சோழிங்கநல்லூரில் மூன்று வீடுகளில் வேலை செய்யும் ஒரு சகோதரி. ஏழரைக்குத்தான் வந்து சேர்ந்தார். பாடவேண்டிய பாட்டுகளின் எண்களைச் சமையல் கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வைத்திருந்தார். எந்த வீட்டில் காய்ச்சல், எந்தப் பையன் பள்ளிக்குப் போகாமல் நின்றுவிட்டான், யாருக்கு வட்டிக்காரர் தொல்லை என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி ஜெபித்தார். எதிர்வீட்டு அம்மா, வேறு மதத்தவர், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசி வரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட ஒருவர் உங்கள் 14 குடும்பங்களிலும் நிச்சயம் இருப்பார். அவரைக் கண்டுபிடியுங்கள், வேதபாடத்தில் தேற்றுங்கள், பொறுப்பைக் கொடுங்கள். பெண்ணாக இருந்தால் தயங்காதீர்கள்; வேதத்தில், பிலிப்பி பட்டணத்தில் சகோதரர்கள் கூடியது லீதியாள் என்ற பெண்ணின் வீட்டில்தான். ஈஸ்டருக்கு ஹாலைத் திறப்பதற்குப் பதிலாக, அந்த வாரத்தில் மூன்று கட்டடங்களில் மூன்று வீட்டு ஜெபங்களைத் தொடங்குங்கள். எந்த நாள், எந்த நேரம் என்பதை அவர்களே சொல்லட்டும். ஞாயிறு காலையிலும் வீட்டு வேலைக்கும் காவல் வேலைக்கும் போகிறவர்கள் பலர் இருக்கக்கூடும், அவர்களுக்கு மாலைதான் தோது. மேடவாக்கத்திலிருந்து இரண்டு குடும்பங்களை, உங்களிடம் இருப்பதிலேயே நல்ல இரண்டு குடும்பங்களை, ஒரு வருடத்துக்கு அங்கே அனுப்புங்கள். ஆதி நாட்களில் அந்தியோகியா சபை தன் சிறந்த போதகர்களான பர்னபாவையும் சவுலையும்தானே வெளியூர் ஊழியத்துக்கு அனுப்பியது, மிஞ்சியவர்களை அல்லவே. போதகர் மாதம் இரண்டு முறையாவது நேரில் போகட்டும்; அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து எக்காரணத்தாலும் தடைபடக் கூடாது. ஹால் தேவைப்படும் நாள் தானாக வரும்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வருட வாடகை, அதாவது 2,16,000 ரூபாய், முன்பணத்துக்கு மேல் கையில் இருந்தால் மட்டும் ஹாலை எடுங்கள். அங்கே விழும் காணிக்கைக்குத் தனிக் கணக்கு எழுதி, அதை அவர்களிடமே மாதந்தோறும் வாசித்துக் காட்டுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் ஆராதனைக்காக என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்; பின்னால் இடம் வாங்கி ஆலயம் கட்டுவதானால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதால், ஒரு வழக்கறிஞரை இப்போதே கலந்துகொள்வது நல்லது.

அங்கே ஒலிபெருக்கி வைக்கும் ஆசை எழுந்தால், வாலிபர்களிடம் நீங்களே பேசுங்கள். சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் ஒரு குடியிருப்பு நலச்சங்கத்துக்கும் ஒரு சபைக்கும் நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிறருடைய அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியாலும் மேளத்தாலும் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000 ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பாயிற்று. குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் வைத்திருக்கும் அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகளில், இரவுப் பணி முடிந்து பகலில் தூங்குகிறவர் ஒருவராவது ஒவ்வொரு தளத்திலும் இருப்பார். ஆறாவது மாடி வாசலில் நின்று கேட்ட அந்த அம்மாவை வரவழைத்தது ஒலிபெருக்கி அல்ல.

பெரியவர்களின் பயத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. 22 வருடங்கள் ஒன்றாகப் பாடியவர்களுக்குப் பக்கத்து இருக்கை காலியாவது வலிக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு இரு இடத்தாரும் ஒன்றாகக் கூடுங்கள், ஒரு மாதம் இங்கே, மறு மாதம் அங்கே. அறுப்பின் பண்டிகையும் கிறிஸ்துமஸும் சேர்ந்தே நடக்கட்டும். உறுப்பினர் பதிவேடு ஒன்றே இருக்கட்டும். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பேரை இந்த ஆண்டே மூப்பர்களாகத் தெரிந்தெடுங்கள். "போகாமல் இங்கேயே வருகிறோம்" என்று அந்த 14 குடும்பங்களில் யாராவது சொன்னால், அவர்களுடைய இருக்கை இங்கே அப்படியே இருக்க வேண்டும்.

அடுத்த மூப்பர் கூட்டத்துக்கு அவர்களில் நான்கு பேரையாவது அழைத்து உட்காரவைத்து, வாடகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அடக்கத்தைப் பற்றிப் பேசுங்கள். சென்னையில் கல்லறை இடத்துக்கு இருக்கும் நெருக்கடி உங்களுக்குத் தெரியும். பேராயர்களின் கீழ் இயங்கும் பெரிய திருமண்டலங்களின் சபைகளுக்கு இருப்பது போன்ற வசதி சிறிய சுயாதீனச் சபைகளுக்கு இல்லை. எந்த மயானத்தில் இடம் கிடைக்கும், யாரிடம் அனுமதி பெற வேண்டும், செலவில் சபையின் பங்கு எவ்வளவு, நள்ளிரவில் எந்த எண்ணுக்கு அழைத்தால் யார் எழுந்து வருவார் என்பதை ஒரே தாளில் எழுதி, 14 வீடுகளிலும் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்தத் தாளை நீங்களே நேரில் போய்க் கொடுங்கள், சகோதரரே. ஹால் வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த வீடுகளிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம்.