வெயிலில் ஓடியது வீணா?

வணக்கம் சார்,

ஜனவரியில் சென்னை மாரத்தானில் முதல்முறையாக ஃபுல் (முழு மாரத்தான்) ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். எங்கள் குழுவில் எல்லோரும் விடியற்காலை நாலரைக்கே கிளம்பிவிடுவார்கள். போன ஞாயிறு என்னால் எழுந்திருக்க முடியவில்லை. எட்டு மணிக்குத் தனியாகக் கிளம்பி, பெசன்ட் நகரிலிருந்து மெரினா உழைப்பாளர் சிலை வரை போய்த் திரும்பினேன். மழை விட்டு நல்ல வெயில். கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் மெதுவாகத்தான் ஓடினேன், ஆனால் இவ்வளவு சந்தோஷமாக ஓடியதே இல்லை. குழுவில் சொன்னால், 'அதெல்லாம் பயிற்சியில் சேராது' என்கிறார்கள். வீண்தானா?

ஆர்., அடையாறு

அன்புள்ள ஆர்.,

நிச்சயமாக வீண் இல்லை. 42.195 கிலோமீட்டருக்கு வேண்டியது மணிக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும் தெம்பு. பக்கத்தில் ஆள் இருந்தால் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகலாம் என்கிற வேகத்தில் நிறைய ஓடித்தான் அது வரும். புதிதாக வருகிறவர்கள் பலரும் ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்னை (நீண்ட தூரப் பயிற்சி ஓட்டத்தை) பந்தயம் மாதிரி ஓடிவிட்டு, செவ்வாய்க்கிழமை வரை மாடிப்படி இறங்கக் கஷ்டப்படுகிறார்கள். உங்களுக்கு ரசிக்க முடிந்தது என்றால் வேகம் சரியாக இருந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இன்னொன்றையும் உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள். ஃபுல் விடிவதற்கு முன்பே தொடங்கினாலும், ஐந்து மணிநேரத்தில் முடிக்கிற ஒருவர் கடைசிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரை வெயிலில்தான் ஓடியாக வேண்டும். அதுவும் முப்பது கிலோமீட்டரைத் தாண்டி, உடம்பில் சேர்த்துவைத்த சர்க்கரை தீர்ந்துபோகிற நேரத்தில். வெயிலுக்கு உடம்பு பழக பத்துப் பதினாலு நாள் பிடிக்கும். பழகினால் ரத்தத்தில் நீரின் அளவு கூடும், வியர்வை சீக்கிரமே வரத் தொடங்கும், அதில் உப்பு குறைவாகப் போகும். இருட்டிலேயே ஓடுகிறவருக்கு இதெல்லாம் எப்படி வரும்?

வேகம் குறைந்ததைப் பற்றியும் கவலை வேண்டாம். வெயிலில் ரத்தம் காலுக்கும் போக வேண்டும், உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் போக வேண்டும், அதனால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்து ஓடுங்கள்.

அப்புறம் அந்த வழி! எனக்கு மிகவும் பிடித்த வழி. திரு.வி.க. பாலத்தில் ஏறும்போது முகத்தில் அடிக்கிற காற்று, லூப் ரோட்டில் மீன் வாங்க நிற்கும் கூட்டம், கலங்கரை விளக்கம் தாண்டியதும் ஒரு பக்கம் கண் கூசுகிற கடல். உழைப்பாளர் சிலையை நாலரை மணிக்குப் பார்த்தால் வெறும் கரிய உருவம்தான். ஒன்பது மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது, பாறையை நெம்பும் அந்த நாலு பேரின் முதுகு, தொடை, ஊன்றிய கால் எல்லாம் துல்லியமாகத் தெரியும். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959 முதல் அங்கே இருக்கிறது. ஓடிக் களைத்து அதன் முன்னால் நிற்கிறவருக்கு அந்தக் கெண்டைக்கால் தசை வேறு மாதிரிப் புரியும், எனக்குப் புரிந்திருக்கிறது. மாதக்கணக்கில் ஓட வேண்டியவருக்கு இந்த மாதிரிக் காலைகள் இல்லாவிட்டால் பயிற்சி அலுத்துவிடும்.

சரி, எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இது டிசம்பர் வெயிலுக்கு மட்டும். ஏப்ரல், மே மாதத்தில் எட்டு மணிக்குக் கிளம்பவே கூடாது. டோக்கியோ ஒலிம்பிக்கில் வெயிலுக்குப் பயந்து மாரத்தானை வடக்கே சப்போரோவுக்கு மாற்றினார்கள், 2021இல் அங்கேயும் பெண்கள் ஓட்டத்தை ஒரு மணிநேரம் முன்னதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. உலகின் சிறந்த வீரர்களுக்கே அந்த நிலை. தலை சுற்றினாலோ, வியர்த்துக்கொண்டிருக்கும்போதே உடம்பு சிலிர்த்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே நிறுத்தி நிழலுக்குப் போய் உதவி கேளுங்கள். பயந்துகொண்டு லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் இருக்கும் உப்பு (சோடியம்) நீர்த்துவிடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. தாகத்துக்குக் குடியுங்கள், உப்புப் போட்ட மோரோ எலக்ட்ராலோ இருந்தால் நல்லது.

குழுவை விட்டுவிட வேண்டாம். ஒரு ஞாயிறு அவர்களோடு இருட்டில், ஒரு ஞாயிறு தொப்பி போட்டுக்கொண்டு தனியாக வெயிலில். அடுத்த முறை சிலையோடு திரும்பாமல் நேப்பியர் பாலம் வரை போய் வாருங்கள், இன்னும் கொஞ்சம் தூரம் கூடும், லாங் ரன்னுக்கு அதுவும் ஆயிற்று.