ஊசி, டோக்கன், சளிப் பரிசோதனை: சேலம் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இவை கொரோனா தடுப்பூசி பற்றி வந்த கேள்விகளுக்கு 2021 ஜூலையில் எழுதிய பதில்கள்; இதிலுள்ள விதிகளும் கட்டணங்களும் அப்போதையவை. வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே தவிப்புதான். ஊசி போட்டுக்கொள்ள மனம் இருக்கிறது, போய் நின்றால் மருந்து இல்லை. 2021 ஜனவரி 16 அன்று தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது ஊசி இருந்தது, ஆள் வரவில்லை. இந்த ஜூலையில் விடியுமுன்னே டோக்கனுக்கு வரிசை நிற்கிறது. நாற்பது ஆண்டுகள் பொது சுகாதாரத் துறையில் ஊழியம் பார்த்தவன் என்ற முறையில், அந்த வரிசையைக் கண்டு மகிழ்கிறேன். அதில் நிற்பவர்களை வெறுங்கையோடு அனுப்புவதை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். வயது 51. ஏப்ரல் 28 அன்று கோவிஷீல்டு தடுப்பூசி போட்டேன். ஆறு வாரத்தில் வரச் சொன்னார்கள். போனால் 84 நாள் ஆகவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். என்னோடு கோவேக்சின் போட்டவர் இரண்டு தவணையும் முடித்துவிட்டார். எனக்கு மட்டும் ஏன் இப்படி?

பதில்: உங்களுக்கு மட்டும் இல்லை, கோவிஷீல்டு போட்ட எல்லோருக்கும் இப்படித்தான். இரண்டு மருந்தும் இரண்டு விதமாகச் செய்யப்படுகின்றன. கோவேக்சினில் இருப்பது செயலிழக்கச் செய்த முழு வைரஸ். அதற்கு நான்கு முதல் ஆறு வாரம் இடைவெளி போதும். கோவிஷீல்டு, தீங்கு செய்ய முடியாதபடி மாற்றிய வேறொரு சளிக்காய்ச்சல் வைரஸைச் சுமைதூக்கியாக வைத்து, கொரோனா முள் புரதத்தின் செய்தியை உடலுக்குள் அனுப்புகிறது. இதற்கு முதலில் நான்கு முதல் ஆறு வாரம் என்றார்கள். மார்ச் மாதம் ஆறு முதல் எட்டு வாரம் ஆனது. மே 13 அன்று பன்னிரண்டு முதல் பதினாறு வாரம், அதாவது குறைந்தது 84 நாள் என்று நீட்டினார்கள்.

தட்டுப்பாட்டை மறைக்கத்தான் நீட்டினார்கள் என்ற பேச்சு உங்கள் காதிலும் விழுந்திருக்கும். தட்டுப்பாடு உண்மை. இந்த மருந்தில் இடைவெளி கூடும்போது எதிர்ப்பாற்றலும் கூடுகிறது என்பதும் உண்மை. ஆனால் ஒரே ஒரு தவணை, இந்த 2021இல் பரவும் கொரோனாவின் டெல்டா வகைக்குப் போதுமான அரண் ஆகாது. உங்களுக்கு 84ஆம் நாள் ஜூலை 21. அன்றைக்கே போய்விடுங்கள். மருந்து இல்லாமல் நாள் தள்ளிப்போனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அதே கோவிஷீல்டு இரண்டாம் தவணையைப் போட்டுக்கொண்டால் போதும்.

கேள்வி: சேர்வராயன் மலையில் உள்ளடங்கிய கிராமம் எங்களுடையது. முகாம் என்று கேள்விப்பட்டு ஆறு பேர் நடந்து போனோம். இன்னும் நாலு பேர் வந்தால்தான் போடுவோம் என்று செவிலியர் சொன்னார். மதியம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினோம். மலைக்காரர்கள் என்று அலட்சியமா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. அந்தச் செவிலியரின் கை கட்டப்பட்டிருப்பதும் உண்மை. கோவிஷீல்டு ஒரு குப்பியில் பத்து பேருக்கான மருந்து இருக்கிறது, ஒருவருக்கு அரை மில்லி. குப்பியைத் திறந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். அதன் பிறகு மிஞ்சுவது குப்பைக்குத்தான். நாடே மருந்துக்குத் தவிக்கும்போது நான்கு பேருக்கானதைக் கீழே கொட்ட எந்தச் செவிலியருக்கும் மனம் வராது. ஒவ்வொரு தவணைக்கும் அவர் கணக்கும் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். மருந்து இரண்டு முதல் எட்டு டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டும். சூடு ஏறினாலும் கெடும், உறைந்தாலும் கெடும். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, அங்கிருந்து மண் பாதையில் பனிக்கட்டி வைத்த பெட்டியைச் சுமந்து உங்கள் ஊருக்கு வருகிறார்கள். இதே பெட்டியில்தான் ஒரு காலத்தில் போலியோ சொட்டு மருந்தைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இந்த மலையில் ஏறினோம். 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டதில், தொட்டில் கட்டிய வீடுகளைத் தேடித் தேடிப் போன அந்த நடைக்கும் பங்கு உண்டு.

ஆகவே நான் குறை சொல்வது செவிலியரை அல்ல, முகாம் வைத்த நேரத்தையும் முறையையும். காலை பத்து மணிக்கு மலைக்கிராமத்தில் யார் இருப்பார்கள்? காபித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் விடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். முந்தின நாளே ரேஷன் கடையிலும் அங்கன்வாடியிலும் பெயர் எழுதி வாங்கிக்கொண்டு, பத்து பத்தாகச் சேர்த்து, காலையில் வேலைக்குப் பெயர் பதியும் இடத்துக்கே பெட்டியைக் கொண்டுபோனால் ஒருவரையும் திருப்பி அனுப்ப வேண்டியிருக்காது. அதிகாரிகள் செய்யும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் ஆறு பேரோடு இன்னும் நாலு வீட்டைச் சேர்த்துப் பட்டியலாக எழுதி, கிராம சுகாதாரச் செவிலியரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் கொடுங்கள். பத்துப் பெயர் கொண்ட தாளை யாரும் எளிதில் ஒதுக்க முடியாது.

தோட்ட முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஊசி போட்ட மறுநாள் பலருக்குக் காய்ச்சலும் உடல்வலியும் வரும். அந்த ஒரு நாள் கூலி போய்விடும் என்ற பயமே எத்தனையோ பேரை வீட்டோடு நிறுத்தி வைத்திருக்கிறது. மறுநாள் கூலியோடு விடுப்பு கொடுங்கள்.

கேள்வி: கொண்டலாம்பட்டியில் தறி ஓட்டும் குடும்பம். மகளுக்கு ஐந்தாம் மாதம். ஊசி போடலாம் என்கிறார்கள், சம்பந்தியம்மா கூடவே கூடாது என்கிறார்.

பதில்: போடலாம். 2021 ஜூலை 2 முதல் கர்ப்பிணிகளுக்கும் அனுமதி உண்டு. எந்த மாதமானாலும் சரி, இரண்டு மருந்துகளில் எதுவானாலும் சரி. பாலூட்டும் தாய்மாருக்கு மே மாதமே அனுமதி வந்துவிட்டது. கர்ப்ப காலத்தில் இந்த நோய் வந்தால் நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்படும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட அதிகம். குறைமாதப் பிரசவமும் ஆகலாம். அந்த ஆபத்தைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிக்கு ஊசி என்பது நமக்குப் புதிதும் இல்லை. சம்பந்தியம்மாவும் தம் பிள்ளைப்பேறு காலத்தில் ரணஜன்னி ஊசி போட்டிருப்பார், அதை நினைவுபடுத்துங்கள். அடுத்த கர்ப்பகாலப் பரிசோதனைக்கு மகளோடு அவரையும் அழைத்துப்போய் மருத்துவரிடமே பேச வையுங்கள்.

கேள்வி: சூரமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். மூன்று நாளாகக் காய்ச்சல், வாசனையே தெரியவில்லை. விரைவுப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. வேலைக்குப் போகலாமா?

பதில்: போகக் கூடாது. விரைவுப் பரிசோதனை 'இருக்கிறது' என்றால் நம்பலாம். அறிகுறி இருக்கும்போது 'இல்லை' என்றால் நம்பக் கூடாது, ஆர்டி-பிசிஆர் என்ற ஆய்வகச் சோதனை செய்துதான் தீர வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2021இல் இலவசமாகச் செய்தார்கள். தனியார் ஆய்வகத்தில் 2021இல் அரசு நிர்ணயித்திருந்த உச்சக் கட்டணம் 900 ரூபாய், வீட்டுக்கு வந்து மாதிரி எடுத்தால் கூடுதலாக 300. முடிவு வரும்வரை தனி அறையில் இருங்கள். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 94க்குக் கீழே காட்டினால் முடிவுக்குக்கூடக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். மே மாதம் இரும்பாலை வளாகத்தில் ஆக்சிஜன் வசதியோடு 500 படுக்கைகள் திறக்க வேண்டி வந்ததே, அதை மறக்காதீர்கள். அந்த நாட்களில் மூச்சு முட்டிய பிறகு வந்தவர்களைக் காப்பாற்ற எத்தனை பாடு!

கேள்வி: குணமாகி மூன்று வாரம் ஆகிறது. நெகட்டிவ் சான்று கொண்டுவந்தால்தான் வேலை என்கிறார் முதலாளி.

பதில்: அது தேவையில்லை. குணமானவரை மறுபடி சோதிக்க வேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மே 4 அன்றே சொல்லிவிட்டது. உயிரற்ற வைரஸ் துணுக்குகள் வாரக்கணக்கில் மூக்கில் இருந்து, பாசிட்டிவ் என்று காட்டக்கூடும். ஆனால் குணமானவரால் யாருக்கும் பரவாது. முதலாளியிடம் இதைக் காட்டுங்கள். 2021இன் விதிப்படி, நீங்கள் ஊசி போட வேண்டியது குணமாகி மூன்று மாதம் கழித்து.

கேள்வி: அம்மாப்பேட்டை. அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. நடிகர் விவேக் இறந்ததிலிருந்து ஊசி என்றாலே நடுங்குகிறார்.

பதில்: அந்த மரணம் என்னையும் உலுக்கியது. மக்களுக்குத் தைரியம் சொல்வதற்காகவே ஏப்ரல் 15 அன்று அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டவர் அவர். 17ஆம் தேதி போய்விட்டார். சிகிச்சை அளித்த மருத்துவர்கள், இதயத்தின் முக்கிய இரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது என்றார்கள். அது இரண்டே நாளில் உண்டாவது அல்ல. சர்க்கரையும் இதய நோயும் உள்ளவர்களைத்தான் கொரோனா முதலில் வீழ்த்துகிறது. அதனால்தான் மார்ச் 1 அன்று பொதுமக்களுக்குத் திறந்தபோதே உங்கள் அப்பா வயதினருக்கு முன்னுரிமை தந்தார்கள். வழக்கமான மாத்திரை எதையும் நிறுத்த வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் செவிலியரிடம் முன்பே சொல்லி, ஊசி குத்திய இடத்தைச் சில நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே இருக்கட்டும், நீங்களும் பக்கத்தில் இருங்கள்.

கேள்வி: ஆதார் அட்டை இல்லை, பேசிக் போன்தான். முன்பதிவு செய்ய முடியுமா?

பதில்: 2021இன் முறைப்படி, நேரில் போனாலே பதிவு செய்துகொள்வார்கள். வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், ஓய்வூதியப் புத்தகம், எதுவும் செல்லும். இரண்டாம் தவணைக்கும் அதே அட்டை, அதே போன் எண்.

கேள்வி: ஊசி போட்டால் ஒரு மாதம் குடிக்கக் கூடாதாம். அதனால் என் கணவர் வர மறுக்கிறார். வீட்டில் வயதான மாமனாரும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பதில்: அம்மா, அப்படி ஒரு மாதக் கணக்கு எந்த அரசு வழிகாட்டுதலிலும் இல்லை. குடி உடலுக்குக் கெடுதல், அதை நான் என்றைக்கும் சொல்வேன். ஆனால் குடியை விட்ட பிறகுதான் ஊசி என்று நிபந்தனை வைத்தால் இரண்டுமே நடக்காமல் போகும். இந்த 2021 ஜூலையில் பிள்ளைகளுக்கு இன்னும் தடுப்பூசி வரவில்லை. வீட்டுப் பெரியவர்கள் போட்டுக்கொள்வதுதான் அவர்களுக்கு இப்போதைக்கு வேலி. கணவரிடம் ஊசியை மட்டும் பேசுங்கள். முகாம் நாளன்று மாமனாருக்குத் துணையாக வாருங்கள் என்று அழைத்துப்போய், இருவருக்கும் சேர்த்து டோக்கன் வாங்கிவிடுங்கள். இரவு காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் ஒன்று, நிறையத் தண்ணீர், நல்ல ஓய்வு போதும்.