42 சோதனைகள், ஒரே முகவுரை

கேள்வி: ஐயா, பஸ் டிக்கெட் முன்பதிவு மென்பொருள் எழுதும் குழுவில் இருக்கிறேன். டிக்கெட்டை ரத்து செய்தால் எவ்வளவு பணம் திரும்பும் என்பதற்கு, ஜாவாஸ்கிரிப்ட் நிரலைச் சோதிக்கும் ஜெஸ்ட் கருவியில் 42 சோதனைகள் வைத்திருக்கிறோம். பயணி, பஸ், தடம், நேரம், கட்டணம் என்று ஒவ்வொன்றும் அதே 11 வரி முகவுரையோடு தொடங்குகிறது. ‘இன்ன நிலையில் இன்னது செய்தால் இன்னது விளையும்’ என்ற நடத்தை வழி முறைக்கு மாறிய பின் இன்னும் நீண்டுவிட்டது. எல்லாவற்றையும், ஒவ்வொரு சோதனைக்கும் முன் தானாக ஓடும் ‘பிஃபோர்ஈச்’சுக்குள் தள்ளிவிடலாமா?
- ஒரு வாசகி

பதில்: வேண்டாம். நான் தள்ளிப் பார்த்தவன்.

ரூபி மொழியில் ஆர்ஸ்பெக் என்ற சோதனைக் கருவி கொண்டு எழுதிய 600 வரிச் சோதனைக் கோப்பு ஒன்றை ஒருமுறை 150 வரிகளாகச் சுருக்கினேன். பொதுவானவை எல்லாம், மதிப்புக்குப் பெயர் வைக்கும் ‘லெட்’டுக்குள் போயின. சோதனைகளைச் சூழல்வாரியாகத் தொகுக்கும் ‘கான்டெக்ஸ்ட்’ அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து. கடைசியில் ஒவ்வொரு சோதனையும் ஒரே வரி. குழுவுக்குக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். எட்டு மாதம் கழித்து அதில் ஒன்று தோற்றது. 500 வர வேண்டிய இடத்தில் 450. அந்த 450 எந்த அடுக்கில் பிறந்தது என்று தேட ஒரு பிற்பகல் முழுவதும் போயிற்று. இத்தனைக்கும் எழுதியவன் நானே! வெளி அடுக்கின் ‘லெட்’டை உள் அடுக்கு சத்தமில்லாமல் மாற்றிவிடும்; அதன் பெயரை யாராவது அழைக்கும்வரை அது இயங்கவும் செய்யாது.

நீங்கள் மாறிய நடத்தை வழி முறையை மென்பொருளாளர் டான் நார்த் 2006இல் விளக்கி எழுதினார். சோதனையின் பெயர் ஒரு வாக்கியமாக இருக்கட்டும் என்பதுதான் அதன் வித்து. உங்கள் 42இல் ஒன்றை வாக்கியமாகப் படியுங்கள்: ‘புறப்பட 24 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் பாதிக் கட்டணம் திரும்பும்.’ இதில் பயணியின் பெயர் எங்கே? தடம் எங்கே? வாக்கியத்தில் இல்லாதவை சோதனையின் உடலிலும் வேண்டாம். நேரமும் கட்டணமும் வாக்கியத்தில் இருக்கின்றன. 42 முறை வந்தாலும் அவை கண்ணெதிரே இருக்க வேண்டும்.

ஆகவே டிக்கெட்டை உருவாக்கித் தரும் சிறு செயற்கூறு (ஃபங்ஷன்) ஒன்றை எழுதுங்கள். கேட்காதவற்றுக்கு அதுவே மதிப்பு போட்டுக்கொள்ளட்டும். சோதனையில் ‘புறப்பட 10 மணி நேரம், கட்டணம் 500’ என்று மட்டும் சொல்லி, 250 வருகிறதா என்று பாருங்கள். 11 வரி ஒன்றாகும், கதை கலையாது.

இதிலும் ஒருமுறை சூடுபட்டேன். புறப்பாடு தானாக ‘நாளை இரவு 10 மணி’ என்று வைத்திருந்தேன். ‘முழுக் கட்டணம் திரும்பும்’ என்ற சோதனை அந்த நேரத்தை நம்பி நின்றது. பகலெல்லாம் பச்சை, அதாவது தேர்ச்சி. ஒரு நாள் சக ஊழியர் இரவு 10 மணிக்கு மேல் ஓட்டினார். புறப்பட 24 மணி நேரத்துக்கும் குறைவாகிப்போய், சோதனை தோற்றுச் சிவந்துவிட்டது. சோதனை பார்க்கும் கடிகாரத்தை ஒரு நேரத்தில் நிறுத்திவையுங்கள். ‘பிஃபோர்ஈச்’சுக்கு உரிய வேலை அதுதான்; தரவுத்தளத்தைத் துடைப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எண் மட்டும் மாறும் சோதனைகளை அட்டவணையாக்குங்கள். 23 மணி 59 நிமிடம் என்றால் 250, சரியாக 24 மணி என்றால் 500, 25 மணிக்கும் 500. இப்படி அட்டவணையின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரே சோதனையை ஓட்டும் ‘இட்.ஈச்’ ஜெஸ்டில் 2018இலேயே வந்துவிட்டது; குக்கம்பர் என்ற நடத்தை வழிச் சோதனைக் கருவியில் ‘சினாரியோ அவுட்லைன்’ இதே வேலையைச் செய்யும். ஆனால் அட்டவணையை ஓட்டும் நிரலுக்குள் ஒரு ‘இஃப்’ (நிபந்தனை) எட்டிப்பார்த்தால் அந்த வரிசையைப் பிரித்துத் தனிச் சோதனையாக்கிவிடுங்கள்.

சுருக்கும்போது மூல நிரலைத் தொட வேண்டாம். முடித்த பிறகு, அதிலுள்ள 24ஐ வேண்டுமென்றே 23 ஆக்கி ஒருமுறை ஓட்டுங்கள். ஒன்றும் சிவக்கவில்லை என்றால், முகவுரையோடு வேறெதையோ சேர்த்து வெட்டிவிட்டீர்கள். பழைய கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடுங்கள்.