நாலு பக்கமும் ஒரே அண்டை வீடு: லெசோத்தோ கேள்வி பதில்

2025 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசிய டிரம்ப், லெசோத்தோவை யாருமே கேள்விப்படாத நாடு என்று சொன்னார். நான் திருப்பூர்க்காரன். தையல் ஆலையில் தரக் கட்டுப்பாடு பார்க்கப் போய், அந்த நாட்டின் தலைநகரான மசேருவில் ஐந்து வருடம் குப்பை கொட்டியவன். அதனால் தெரிந்தவர்கள் எல்லாரும் கேள்விகளை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

பள்ளி ஆசிரியை ஒருவர்: வகுப்பில் பிள்ளைகள் நிலப்படத்தைப் பார்த்து "தென்னாப்பிரிக்காவுக்குள் ஒரு ஓட்டை இருக்கிறது" என்கிறார்கள். அது தனி நாடா, மாநிலமா?

தனி நாடு. 1966 அக்டோபர் 4-ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. வேறொரு நாடு முழுக்கச் சுற்றி வளைத்திருக்கும் நாடுகள் உலகத்தில் மூன்றே மூன்று. வாட்டிகனும் சான் மரினோவும் இத்தாலிக்குள் இருக்கின்றன. மூன்றாவது இது. பரப்பு 30,355 சதுர கிலோமீட்டர், மக்கள் சுமார் 23 லட்சம்.

பிள்ளைகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். அது ஓட்டை இல்லை, மேடு. முழு நிலப்பரப்பும் 1,000 மீட்டருக்கு மேலே இருக்கும் ஒரே நாடு இதுதான். ஆகத் தாழ்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டர். நம் ஏற்காட்டு உயரத்தை ஒட்டியது அங்கே பள்ளம்! ஆக உயர்ந்த தபானா ந்ட்லென்யானா சிகரம் 3,482 மீட்டர். தென்னாப்பிரிக்காவில்கூட அவ்வளவு உயர மலை கிடையாது.

அவரே: பெயரை எப்படிச் சொல்வது?

எழுத்தைப் பார்த்து நாம் லெசோத்தோ என்கிறோம். அந்த ஊர்க்காரர் வாயில் அது "லெசூட்டு" என்று வரும். நாடு லெசோத்தோ, அங்கே ஒருவர் மொசோத்தோ, பலர் பசோத்தோ, மொழி செசோத்தோ. வேர்ச்சொல் ஒன்றுதான், முன்னால் ஒட்டுவது மட்டும் மாறும். பின்னால் ஒட்டியே பழகிய நமக்கு இது பிடிபடக் கொஞ்ச நாளாகும். நான் முதல் மாதத்தில் ஒரே ஆளைப் பார்த்து "பசோத்தோவா நீங்கள்?" என்று கேட்டுச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன்.

வரலாறு படிக்கும் மாணவர்: சுற்றிலும் இருந்ததை எல்லாம் விழுங்கிய தென்னாப்பிரிக்கா இதை மட்டும் ஏன் விட்டுவைத்தது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

1820-களில் அந்தப் பகுதி முழுக்கப் போரும் பஞ்சமுமாகக் கிடந்தது. குலங்கள் சிதறி ஓடின. அந்த நேரத்தில் மோஷ்வேஷ்வே என்ற ஒரு சின்னத் தலைவர் 1824-ல் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு தாபா போசியு என்ற மலைக்குப் போனார். "இரவின் மலை" என்று பொருள். ராத்திரியில் அது வளரும், எதிரி ஏற முடியாது என்று சொல்வார்கள். மேலே தட்டையான நிலம், ஊற்றுத் தண்ணீர், மாடு மேய்க்க இடம். ஏறுவதற்கு ஒரு சில கணவாய்கள்தான். ஓடி வந்த எந்தக் குலத்தையும் அவர் திருப்பி அனுப்பவில்லை. அப்படிச் சேர்ந்த கூட்டம்தான் பின்னால் பசோத்தோ என்ற இனமாயிற்று.

போரைவிட நயத்தை நம்பிய ஆள். 1831-ல் ந்டெபெலே என்ற வேறோர் இனத்தின் படை மலையேற முடியாமல் தோற்றுத் திரும்பியபோது, பசியோடு போகிறார்களே என்று மாடுகளைப் பரிசாக ஓட்டிவிட்டாராம். அந்தப் படை மறுபடி வரவே இல்லை. பஞ்ச காலத்தில் நரமாமிசம் தின்ற கூட்டம் ஒன்று இவருடைய தாத்தா பீட்டேயைக் கொன்று தின்றுவிட்டது என்று ஒரு கதை உண்டு. பிடிபட்டவர்களைத் தண்டிக்கவில்லை, "என் தாத்தாவின் கல்லறை அவர்கள் வயிறுதான், கல்லறையை யாராவது இடிப்பார்களா?" என்றாராம். அங்கே சின்னப் பிள்ளையும் இதைச் சொல்லும்.

1833-ல் பிரெஞ்சு புராட்டஸ்டண்ட் பாதிரிமார் வந்தார்கள். வெளியுலகத்தோடு கடிதப் போக்குவரத்துக்கு அவர்களைப் பயன்படுத்திக்கொண்டார். பிறகு டச்சு வம்சாவளி போயர்கள் நிலம் பிடிக்க வந்தார்கள். 1858-லும், 1865 முதல் 1868 வரையிலும் போர். மலையைக் கடைசிவரை பிடிக்க முடியவில்லை, ஆனால் கீழே இருந்த வயல்கள் போயின. வேறு வழியில்லாமல் பிரிட்டிஷ் அரசியிடம் பாதுகாப்புக் கேட்டார். 1868-ல் பசூட்டோலாந்து என்ற பெயரில் பிரிட்டிஷ் பாதுகாப்புக்குள் போனது. மறு வருடமே போட்ட ஒப்பந்தத்தில் கலெடன் ஆற்றுக்கு மேற்கே இருந்த நல்ல நிலமெல்லாம் போயர்களுக்குப் போய்விட்டது. 1870-ல் மோஷ்வேஷ்வே இறந்தார்.

அடுத்து 1871-ல் பிரிட்டன் இந்த நாட்டைத் தென்னாப்பிரிக்காவின் கேப் காலனியிடம் ஒப்படைத்தது. காலனிக்காரர்கள் "துப்பாக்கிகளைக் கொடுங்கள்" என்றார்கள். பசோத்தோ கொடுக்கவில்லை. 1880-81-ல் துப்பாக்கிப் போர் நடந்தது, கேப் காலனியால் அடக்க முடியவில்லை. 1884-ல் பிரிட்டனே நேரடியாக எடுத்துக்கொண்டது. என்னைக் கேட்டால் நாடு பிழைத்தது இந்த இடத்தில்தான். 1910-ல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவானபோது லெசோத்தோ வெளியே நின்றது. பின்னொரு நாள் சேர்த்துக்கொள்ளலாம் என்று சட்டத்தில் வழி வைத்திருந்தார்கள். பசோத்தோ ஒப்பவில்லை. நிறவெறி ஆட்சி வந்தபின் பிரிட்டனும் ஒப்படைக்க முடியாமல் போயிற்று.

பறிபோன நிலத்தை அவர்கள் மறக்கவில்லை. 2023-ல்கூட, அதைத் திரும்பக் கேட்க வேண்டும் என்ற தீர்மானத்தை அவர்கள் நாடாளுமன்றம் விவாதித்தது.

அரசு ஊழியர் ஒருவர்: மன்னர் இருக்கிறார், பிரதமரும் இருக்கிறார் என்கிறார்கள். கையெழுத்து யாருடையது?

பிரதமருடையது. மன்னர் மூன்றாம் லெட்சிக்கு ஆட்சி அதிகாரம் கிடையாது. அவர் அரியணை ஏறிய கதைதான் விசித்திரம். 1990-ல் ராணுவ அரசு அவருடைய தந்தை இரண்டாம் மோஷ்வேஷ்வேயை வெளியேற்றிவிட்டு மகனை உட்காரவைத்தது. 1995-ல் மகன் தானே இறங்கித் தந்தைக்கு இடம் கொடுத்தார். 1996 ஜனவரியில் தந்தை கார் விபத்தில் இறந்துபோக, மறுபடி மகன்.

கீழவையில் 120 இடம். 80 பேர் தொகுதியில் ஜெயித்து வருகிறவர்கள், 40 பேர் கட்சி வாங்கிய மொத்த ஓட்டின் விகிதப்படி வருகிறவர்கள். இந்த 40 வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1998 தேர்தலில் ஒரே கட்சி 80-ல் 79 இடத்தை அள்ளியது. மற்றவர்களுக்கும் கணிசமாக ஓட்டு விழுந்திருந்தது, இடம்தான் இல்லை. மோசடி என்று தெருவில் இறங்கினார்கள். தென்னாப்பிரிக்காவும் போட்ஸ்வானாவும் படை அனுப்பின. மசேருவின் கடைவீதி எரிந்து சாம்பலானது. அதன்பிறகுதான் 2002-ல் இந்தக் கலப்பு முறையைக் கொண்டுவந்தார்கள்.

நியாயமான முறைதான், ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. 2012 முதல் கூட்டணி ஆட்சிதான். 2012, 2015, 2017 என்று ஐந்து வருடத்தில் மூன்று பொதுத் தேர்தல். நடுவில் 2014 ஆகஸ்டில் ராணுவம் வெளியே வர, பிரதமர் தாபானே எல்லை தாண்டித் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டார். 2022 அக்டோபரில் சாம் மட்டெகானே என்ற தொழிலதிபர், தேர்தலுக்குச் சில மாதம் முன்பு தொடங்கிய கட்சியோடு வந்து 56 இடம் பிடித்தார். பெரும்பான்மைக்கு 61 வேண்டும், அதனால் அவரும் இரண்டு கட்சிகளைச் சேர்த்துக்கொண்டுதான் பிரதமரானார்.

மேலவையில் 33 பேர். அதில் 22 பேர் பரம்பரைப் பெருந்தலைவர்கள், மீதி 11 பேர் நியமனம். ஓட்டு வாங்காதவர்களுக்கு எதற்கு நாற்காலி என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் மலைக்கிராமத்தில் அரசாங்கம் என்றால் தலைவர்தான். இன்னார் இந்த ஊர்க்காரர் என்று சான்று, மாடு யாருடையது என்று சீட்டு, ஊர்க்கூட்டம், எல்லாம் அவரிடம். கூட்டத்துக்கு "பிட்சோ" என்று பெயர், அதில் யாரும் எழுந்து பேசலாம். "மக்களால்தான் தலைவன் தலைவன்" என்பது செசோத்தோ பழமொழி. 2005 முதல் தேர்ந்தெடுத்த ஊர் மன்றங்களும் வந்திருக்கின்றன. இருவருக்கும் உரசல் இருக்காதா? இருக்கிறது.

பொறியியல் மாணவி: தண்ணீரை விற்கும் நாடு என்று படித்தேன். உண்மையா?

உண்மை. ஆரஞ்சு ஆறு அங்கேதான் பிறக்கிறது, அவர்கள் அதைச் செங்கு என்பார்கள். ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றிய பகுதியில் தங்கமும் ஆலையும் இருக்கின்றன, தண்ணீர் போதாது. 1986 அக்டோபரில் ஒப்பந்தம். 185 மீட்டர் உயரத்தில் காட்சே அணை கட்டி, தெற்கே ஓடும் தண்ணீரைத் தேக்கி, மலையைக் குடைந்து மொத்தம் 82 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக வடக்கே திருப்பிவிட்டார்கள். வழியில் மூவேலாவில் 72 மெகாவாட் மின்சாரம். 1998 ஜனவரியில் நெல்சன் மண்டேலாவும் மன்னர் லெட்சியும் திறந்துவைத்தார்கள். தண்ணீருக்கு மாதாமாதம் காசு வருகிறது. இப்போது போலிஹாலியில் அடுத்த அணை எழும்புகிறது.

ஒப்பந்தத் தேதியைக் கவனியுங்கள். அதே 1986 ஜனவரியில்தான் தென்னாப்பிரிக்கா எல்லையை இறுக்கி மூடியது, நாட்டுக்குள் சரக்கு வரவில்லை, ராணுவம் பிரதமர் லெயாபுவா ஜோனதன் அரசைக் கவிழ்த்தது. பல வருடம் இழுத்த பேச்சுவார்த்தை அதற்கப்புறம் ஒன்பதே மாதத்தில் கையெழுத்தானது. தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம்.

இன்னொரு விஷயம். திட்டத்தின் தலைமை அதிகாரி பன்னாட்டு நிறுவனங்களிடம் லஞ்சம் வாங்கியதற்காக 2002-ல் தண்டிக்கப்பட்டார். அதோடு விடாமல் லஞ்சம் கொடுத்த கனடா நிறுவனத்தையும் அதே வருடம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது அந்தச் சின்ன நாட்டின் நீதிமன்றம். வாங்கினவனை மட்டும் பிடித்து, கொடுத்தவனை விட்டுவிடும் வழக்கத்துக்கு நடுவே இதைப் பெரிய காரியமாகவே நினைக்கிறேன்.

திருப்பூரிலிருந்து ஒரு நண்பர்: அங்கே போய் ஏன் பனியன் ஆலை வைக்கிறார்கள்?

பனியன் மட்டுமில்லை, ஜீன்ஸ் அதிகம். அமெரிக்கா 2000-ல் ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கொண்டுவந்த வரிச்சலுகைதான் காரணம். தைவான் முதலாளிகள் வந்தார்கள். உச்சத்தில் 40 ஆயிரத்துக்கும் மேல் வேலை, பெரும்பாலும் பெண்கள். நூலும் துணியும் வெளியிலிருந்து வரும், அருகில் துறைமுகம் கிடையாது, டர்பனிலிருந்து லாரியில் ஏற வேண்டும். சலுகை இருந்தவரை கட்டுப்படியானது. 2025 ஏப்ரலில் 50 சதவீத வரி என்று அமெரிக்கா அறிவித்தது, ஆகஸ்டில் 15 ஆகக் குறைத்தது. ஆனால் நடுவிலேயே ஆர்டர்கள் நின்று ஆட்கள் வீட்டுக்குப் போனார்கள். ஆர்டர் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பெயர் வேண்டாம் என்றவர்: ஆண்கள் எல்லாம் எங்கே போனார்கள்?

சுரங்கத்துக்கு. 1980-களின் பிற்பாதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பசோத்தோ ஆண்கள் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் இருந்தார்கள். 90-களில் ஆட்குறைப்பு தொடங்கியது, வேலை இல்லாமல் ஊர் திரும்பினார்கள். மனைவி தையல் ஆலைக்குப் போக, கணவன் வீட்டில். குடும்பத்துக்குள் அது எளிதில் செரிக்கவில்லை.

பெண்கள் படிப்பிலும் முன்னே. பையன்களைச் சின்ன வயதிலேயே ஆடு மாடு மேய்க்க மலைக்கு அனுப்பிவிடுவதால் எழுத்தறிவு ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். ஆனாலும் 2006-ல் சட்டம் மாறும்வரை, கல்யாணமான பெண் சட்டத்தின் கண்ணில் சிறுமிதான். கணவன் அனுமதி இல்லாமல் கடன் வாங்க முடியாது. எச்.ஐ.வி. பாதிப்பும் கடுமை, பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு.

இல்லத்தரசி ஒருவர்: சாப்பாடு, பேச்சு எல்லாம் எப்படிச் சமாளித்தீர்கள்?

சாப்பாடு கஷ்டமில்லை. "பாப்பா" என்று மக்காச்சோள மாவில் கெட்டியாகக் கிண்டுவார்கள், தொட்டுக்கொள்ள "மொரோஹோ" என்ற கீரை. களியும் கீரையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சில் எனக்குப் பிடித்தது, வயதில் பெரிய ஆணை "ந்தாத்தே" என்பார்கள், பெண்ணை "ம்மே". அப்பா, அம்மா என்று அர்த்தம். முன்பின் தெரியாத கடைக்காரருக்கும் அப்படித்தான். நம்மூரில் ஐயா, அம்மா போடுவதுபோல.

பணம் லோட்டி, பலவாகச் சொன்னால் மலோட்டி. தென்னாப்பிரிக்க ராண்டுக்குச் சரிசமம், ராண்டும் செல்லும். மலோட்டியை எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனால் முகம் சுளிப்பார்கள். ஊருக்குக் கிளம்பும்போது மாற்றிக்கொண்டு போங்கள்.

கடைசியாக ஒரு மாணவர்: பனி பெய்யுமாமே? போவதென்றால் எப்போது போவது?

ஜூன், ஜூலையில் பெய்யும். பனிச்சறுக்கு விடுதிகூட இருக்கிறது. குளிர் வேண்டாமென்றால் செப்டம்பருக்கு மேல் போங்கள். செமொன்கொங்கில் மலெட்சுன்யானே அருவியைப் பாருங்கள், 192 மீட்டர் ஒரே வீழ்ச்சி. கூடவே தாபா போசியு. ஏறப் பத்துப் பதினைந்து நிமிடம், மேலே மோஷ்வேஷ்வேயின் கல்லறை.

குளிர்காலத்தில்தான் போவேன் என்றால் ஸ்வெட்டர் சுமக்காதீர்கள். அங்கே எல்லாரும் கம்பளிப் போர்வையைத் தோளில் சுற்றி ஊக்கு குத்திக்கொண்டு நடப்பார்கள், சோளக்கதிர் போட்டது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கியது இன்னும் இருக்கிறது. திருப்பூரில் அதற்கு என்ன வேலை, பெட்டிக்குள் கிடக்கிறது. லெசோத்தோவின் அடையாளமே அந்தப் போர்வைதான். நெய்வது தென்னாப்பிரிக்காவில்.