குளியலறையில் பிலிம் கழுவப் போகிறேன், டெவலப்பர், பிக்சர் எல்லாம் ஆபத்தா?

கேட்டவர் நுவரெலியாக்காரர், கறுப்பு வெள்ளை பிலிமாம். டெவலப்பர் பிலிமில் படத்தை வெளியே கொண்டுவரும் ரசாயனம், பிக்சர் அந்தப் படத்தை நிலைக்க வைப்பது. நான் தொண்ணூறுகளில் ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் மூன்று வருடம் எடுபிடியாக இருந்தவன். அடையாள அட்டைப் படத்துக்குத் தோட்டத்து ஆட்கள் வரிசையாக வரும் நாட்களில் இருட்டறையை விட்டு வெளியே வர இரவாகிவிடும். என்னைக் கேட்டால், நம் பக்கம் ரசாயனத்தோடு குளிரும் சேர்ந்துகொண்டுதான் ஆளைக் கெடுக்கும்.

எனக்கு முதலில் போனது கை. விரல் இடுக்கில் அரிப்பு, அப்புறம் வெடிப்பு. பனிக்கு வெடிக்கிறது என்று தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு திரும்பவும் ரசாயனத் தட்டுக்குள் கையை விட்டேன். லீவில் வீட்டுக்குப் போனால் ஆறும், வேலைக்கு வந்தால் வெடிக்கும். டெவலப்பரில் உள்ள மெட்டோல் செய்த வேலை என்று புரியவே ஆறு மாதம் ஆனது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் போதும். அதனால் முதல் நாளே நைட்ரைல் கையுறை போடுங்கள். தட்டுக்கு ஒரு இடுக்கி வையுங்கள்.

அடுத்தது ஸ்டாப் பாத்துக்கான, அதாவது டெவலப்பரின் வேலையை நிறுத்தும் கரைசலுக்கான அசிட்டிக் அசிட். ஒரு டிசம்பர் காலை போத்தலைக் கவிழ்த்தால் சொட்டுகூட வரவில்லை. உள்ளே கற்கண்டுப் பாளம் மாதிரி இறுகிக் கிடந்தது. தண்ணீர் கலக்காத அசிட் 16.6 பாகை செல்சியஸிலேயே உறைந்துவிடும், ஹட்டன் குளிருக்குக் கேட்கவா வேண்டும்? தூக்கிக்கொண்டு மண்ணெண்ணெய் அடுப்புப் பக்கம் போனேன். முதலாளி போட்ட சத்தத்தில் முன்னால் இருந்த கஸ்டமர் எழுந்துவிட்டார். 40 பாகையை நெருங்கினால் அதன் ஆவி தீப்பிடிக்கும். மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் நிற்க வைத்தால் தானாக இளகும். கலக்கும்போது தண்ணீருக்குள் அசிட்டை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சரி, இந்த வம்பே வேண்டாம் என்றால் சிட்ரிக் அசிட் தூள் வாங்குங்கள். லீட்டருக்கு 15 கிராம் போதும், வாடையும் இல்லை.

குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைக்காதீர்கள். அசிட் பிக்சரில் கலந்தால் சல்பர் டையொக்சைட் வரும், தீக்குச்சி கிழித்த வாடை. வீசிங் உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. நல்லவேளை, ஒளி புகாத டேங்கில் பிலிமை இருட்டில் ஏற்றி மூடிவிட்டால் அப்புறம் இருட்டு தேவையில்லை, கதவைத் திறந்துபோட்டே கழுவலாம்.

பிக்சர் கரைக்கும் உப்பான ஹைப்போவும் பார்க்கக் கற்கண்டுதான். பிள்ளைகள் உள்ள வீட்டில் பெயர் எழுதி உயரத்தில் வையுங்கள். சோடாப் போத்தலில் எதையும் ஊற்றி வைக்காதீர்கள்.

பழைய பிக்சரில் வெள்ளி கரைந்திருக்கும், மீனுக்கு விஷம். கானில் விட்டால் ஓடைக்குத்தான் போகும். எங்கள் முதலாளி கேனில் சேர்த்துவைத்து, வெள்ளி பிரிக்கும் ஒருவருக்கு விற்றார். அந்தக் காசில்தான் எனக்குத் தீபாவளிச் சட்டை.